ஒரே கணக்கு, நாலு கேள்வித்தாள்: வட சென்னைத் தொழிற்கூடங்களுக்கான ஈஎஸ்ஜி அறிக்கை விதிகள், முழுமையான வழிகாட்டி

வியாசர்பாடி, மாதவரம், திருவொற்றியூர், மணலி பக்கம் முப்பது நாற்பது பேரை வைத்து ஃபோர்ஜிங், மெஷினிங், பெயின்டிங் என்று நடத்துபவர்களுக்கு இப்போது கஸ்டமர்களிடமிருந்து ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) கேள்வித்தாள்கள் வரிசையாக வருகின்றன. உள்ளூர் கம்பெனி ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்குக் கேட்கும். ஜெர்மனிக்காரர் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்பார். ஒருவருக்கு மின்சாரம் யூனிட்டில் வேண்டும், இன்னொருவருக்கு ஜூலில் வேண்டும். அமெரிக்கக் கஸ்டமர் விபத்து விகிதத்தை வேறொரு மணிக்கணக்கில் கேட்பார். பதில் எழுத உட்காருபவர் பெரும்பாலும் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர் அல்லது ஸ்டோர்ஸ் பார்ப்பவர். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைசிப் பகுதி மட்டும் ஆலை மதிலுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு.

கேள்வித்தாள்கள் வேறுபடக் காரணம், ஒவ்வொரு நாட்டு விதியும் ஒவ்வொருவருக்காகக் கேட்கிறது. முதலீட்டாளருக்காகக் கேட்பது ஒன்று, ஊருக்காகவும் சேர்த்துக் கேட்பது ஒன்று. அது பிடிபட்டால் எதற்கு எவ்வளவு பதில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும். உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியது ஒரே ஒரு கணக்கு.

படி 1: எந்தச் சட்டம் உங்களைக் கேட்கிறது என்று முதலில் கேளுங்கள்

இங்கே சொல்லப்போகும் எந்த விதியும் முப்பது பேர் வேலை செய்யும் தொழிற்கூடத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கானவை. சுமை கஸ்டமர் வழியாகத்தான் உங்களிடம் இறங்குகிறது. அதனால் கேள்வித்தாளைத் திறந்ததும் நிரப்பத் தொடங்காதீர்கள். முதலில் இப்படி ஒரு மெயில் போடுங்கள்: "இந்த விவரங்கள் எந்த விதியின் கீழ் தேவைப்படுகின்றன? எந்த ஆண்டுக்கு? எங்கள் முழு ஆலைக்கா, உங்களுக்கு அனுப்பிய சரக்குக்கு மட்டுமா? எங்கள் எண்கள் ஆடிட்டுக்கு உட்படுமா?"

இதைக் கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பல நேரம் கேள்வி அனுப்பிய கொள்முதல் பிரிவுக்கே பதில் தெரியாது. அவர்கள் விசாரித்துவிட்டு, எண்பது கேள்வியை இருபதாகக் குறைத்து அனுப்புவதும் உண்டு.

படி 2: உள்ளூர் கஸ்டமர் என்றால் பிஆர்எஸ்ஆர்

இந்தியாவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பைப் பற்றிச் சொல்லும் பிஆர்எஸ்ஆர் அறிக்கையை 2021 மே மாதம் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பகுதியில் ஆலை வைத்திருக்கும் பெரிய பெயர்களில் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இதன் தனித்தன்மை, எல்லோருக்கும் ஒரே படிவம் என்பது. ஒன்பது கொள்கைகள், அவற்றின் கீழ் கட்டாயக் கேள்விகள், விருப்பக் கேள்விகள். "இது எங்களுக்கு முக்கியமில்லை" என்று ஒரு கட்டாயக் கேள்வியைக் கம்பெனி தாண்டிப் போக முடியாது. ஸ்கோப் 3, அதாவது சப்ளையர்கள் முதலான வெளியாட்கள் வழியாக வரும் கார்பன் உமிழ்வு, விருப்பக் கேள்வியில் இருக்கிறது.

2023 ஜூலையில் இதிலிருந்து முக்கியமான எண்களைப் பிரித்து 'பிஆர்எஸ்ஆர் கோர்' என்று வைத்தார்கள். அவற்றுக்கு வெளியாள் சரிபார்ப்பு வேண்டும்: 2023-24-இல் முதல் 150 கம்பெனிகள், அப்புறம் 250, 500 என்று ஏறி 2026-27-இல் 1000.

சப்ளையருக்கு முக்கியமான இடம் இதுதான். முதல் 250 கம்பெனிகள் சப்ளையர் விவரங்களையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும் என்று முதலில் இருந்தது. 2025 மார்ச்சில் செபி அதை விருப்பம் சார்ந்ததாக மாற்றி 2025-26-க்குத் தள்ளியது. அதிலும் கம்பெனியின் மொத்தக் கொள்முதலில் அல்லது விற்பனையில் 2 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள சப்ளையர்களும் வாங்குபவர்களும்தான் கணக்கில் வருவார்கள். பெரிய வாகனக் கம்பெனிக்கு பிராக்கெட் செய்து கொடுக்கும் வியாசர்பாடிக் கூடம் அந்த 2 சதவீதத்தை எட்டுவது அரிது. அப்படியானால் வந்திருக்கும் கேள்வித்தாள் கஸ்டமரின் சொந்தக் கொள்கை, செபியின் கட்டளை அல்ல. பதில் கொடுங்கள். ஆனால் நேரமும் வடிவமும் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியவை என்று தெரிந்து கொடுங்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சப்ளையருக்குப் பணம் கொடுக்கக் கம்பெனி சராசரியாக எத்தனை நாள் எடுக்கிறது என்பதையும், கொள்முதலில் எத்தனை சதவீதம் சிறு, குறு தொழில்களிடமிருந்து என்பதையும் பிஆர்எஸ்ஆர் கோர் கேட்கிறது. பில் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்களா? அந்தக் கஸ்டமரின் ஆண்டறிக்கையை எடுத்து அந்த நாள் எண்ணிக்கையைப் பாருங்கள். சிறு, குறு தொழில்களுக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் உத்யம் பதிவு எண்ணைக் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அவர்களுடைய சதவீதம் உயர அது உதவுகிறது. நிலுவையைப் பற்றிப் பேச அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

படி 3: ஐரோப்பா என்றால், பழைய கேள்வித்தாளை நம்பாதீர்கள்

பெரிய கம்பெனிகள் ஈஎஸ்ஜி அறிக்கை தர வேண்டும் என்று சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சிஎஸ்ஆர்டி சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் பன்னிரண்டு தரநிலைகள்: பொதுவானவை இரண்டு, சுற்றுச்சூழலுக்கு ஐந்து, சமூகத்துக்கு நான்கு, நிர்வாகத்துக்கு ஒன்று. இரட்டைப் பார்வை என்பதுதான் இதன் உயிர். உலகில் நடப்பது கம்பெனியின் பணத்தை எப்படிப் பாதிக்கும் என்பது ஒரு பார்வை. கம்பெனி செய்வது மனிதர்களையும் இயற்கையையும் எப்படிப் பாதிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரிதானாலும் எழுதியாக வேண்டும்.

2025-இல் அங்கே காற்று திசைமாறியது. பிப்ரவரியில் விதிகளைக் குறைக்கும் முன்மொழிவு வந்தது, ஏப்ரலில் அடுத்தகட்டக் கம்பெனிகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். டிசம்பரில் எட்டிய உடன்பாட்டின்படி 1000 ஊழியர்களுக்கு மேலும், 45 கோடி யூரோ விற்றுமுதலுக்கு மேலும் இருந்தால்தான் அறிக்கை கட்டாயம். உங்கள் ஜெர்மன் கஸ்டமர் 600 பேர் கொண்ட குடும்ப நிறுவனமாக இருந்தால், 2024-இல் பதறிக்கொண்டு அனுப்பிய கேள்வித்தாளுக்குப் பின்னால் இப்போது சட்டம் இல்லாமல் போயிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

1000 பேருக்கு மேல் இல்லாத சப்ளையர்களிடம் ஒரு வரம்புக்கு மேல் வற்புறுத்திக் கேட்கக் கூடாது என்பதும் அந்தத் திருத்தத்தில் உண்டு. அந்த வரம்புக்கு அடிப்படை, சிறு நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட விஎஸ்எம்இ என்ற தன்னார்வத் தரநிலை. அதன் அடிப்படைப் பகுதியில் பதினொரு தலைப்புகள்தான். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்கள் வருடம் ஒருமுறை அந்தப் பதினொன்றையும் நிரப்பி ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் அதையே அனுப்புவதுதான் என் கணக்கில் மிகச் சிறந்த வழி. ஒவ்வொருவரின் போர்ட்டலிலும் தனித்தனியாக நிரப்புவதற்கு ஒரு ஆளை வேலைக்கு வைக்க வேண்டியிருக்கும்.

படி 4: மற்ற நாடுகள்

ஐஎஸ்எஸ்பி என்பது நாடு அல்ல, இத்தகைய அறிக்கைகளுக்கான சர்வதேசத் தரநிலை அமைப்பு. 2023 ஜூனில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு தரநிலைகளை வெளியிட்டது. இது முதலீட்டாளர் பார்வை மட்டும். ஜப்பான், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா எல்லாம் இதை ஒட்டியே தங்கள் விதிகளை எழுதியிருக்கின்றன. ஜப்பானில் 3 லட்சம் கோடி யென்னுக்கு மேல் மதிப்புள்ள கம்பெனிகளுக்கு 2027 மார்ச்சில் முடியும் ஆண்டிலிருந்து கட்டாயம். சென்னையில் ஜப்பானியக் கஸ்டமர்கள் நிறைய என்பதால், இனி அங்கிருந்து ஸ்கோப் 3 கேள்விகள் கூடும். சீனப் பங்குச் சந்தைகள் 2024-இல் கொண்டுவந்த விதிகள் ஐரோப்பாவைப் போல இரட்டைப் பார்வையை எடுத்திருக்கின்றன.

அமெரிக்காவில் கூட்டரசு விதி முடங்கிக் கிடக்கிறது. அங்குள்ள பங்குச் சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் காலநிலை விதியை நிறைவேற்றியது, அடுத்த மாதமே அதை நிறுத்தி வைத்தது, 2025 மார்ச்சில் நீதிமன்றத்தில் அதற்காக வாதாடுவதையும் கைவிட்டது. உயிரோடிருப்பது கலிபோர்னியாவின் எஸ்பி 253. அந்த மாநிலத்தில் வியாபாரம் செய்யும், 100 கோடி டாலருக்கு மேல் வருவாய் உள்ள கம்பெனிகள் 2026-இல் ஸ்கோப் 1 (தாங்களே எரிக்கும் எரிபொருள் போன்றவற்றின் உமிழ்வு), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு) இரண்டையும் 2027 முதல் ஸ்கோப் 3-ஐயும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கஸ்டமர் கேட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

படி 5: எண்ணூர் கழிமுகத்தை வைத்து வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டது, மீனவர்களின் பிழைப்பு நின்றது. அதே மாதம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படி ஒரு சம்பவம் ஏதோ ஒரு கம்பெனியின் ஆலையிலிருந்து நடந்தது என்று வைத்துக்கொண்டு, எந்த விதியில் அது எப்படி வரும் என்று பாருங்கள்.

ஐஎஸ்எஸ்பி வழியில் அபராதம், நட்ட ஈடு, ஆலை நின்ற நாட்கள் எல்லாம் சேர்ந்து முதலீட்டாளரின் முடிவை மாற்றும் அளவுக்கு இருந்தால் எழுத வேண்டும். பல்லாயிரம் கோடி விற்றுமுதலில் அது சிறு தொகையாகப் போனால் கழிமுகம் அறிக்கைக்குள் வராமலே போகலாம். ஐரோப்பிய வழியில் கம்பெனிக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை என்றாலும் மாசு, உயிரினங்கள், பாதிக்கப்பட்ட சமூகங்கள் என்று மூன்று தரநிலைகளின் கீழ் கேள்வி எழும். பாதிப்பு கடுமையானதா, எத்தனை பேருக்கு, சரிசெய்ய முடியுமா என்பதுதான் அங்கே அளவுகோல். கலிபோர்னியாவின் எஸ்பி 253 வெறும் வெப்பவாயுக் கணக்கு, எண்ணெய்ப் படலம் அதில் எங்குமே வராது.

நம்முடைய பிஆர்எஸ்ஆரில் சுற்றுச்சூழல் சட்ட மீறலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் விதித்த அபராதமும் ஆறாவது கொள்கையின் கீழ் வர வேண்டும். மக்களிடமிருந்து வந்த புகார்கள் எத்தனை, நிலுவை எத்தனை என்று முதல் பகுதியிலேயே ஒரு அட்டவணை இருக்கிறது. ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது: காற்று மாசு, தண்ணீர், கழிவு எல்லாம் கம்பெனி முழுவதற்குமான கூட்டுத்தொகையாக வரும். மணலி ஆலையும் குஜராத் ஆலையும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2009-லும் 2018-லும் மிகவும் மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியை வைத்தது. அந்தப் பகுதியில் இயங்கும் ஆலைக்குத் தனி எண் கேட்காத அறிக்கை அரை அறிக்கைதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

படி 6: ஒரே பதிவேடு போடுங்கள்

சரி, இப்போது வேலைக்கு வருவோம். ஒரு எக்ஸெல் கோப்பு, மாதத்துக்கு ஒரு வரி. மாதவாரியாக வைத்தால் ஏப்ரல்-மார்ச், ஜனவரி-டிசம்பர் இரண்டும் அதிலேயே கிடைத்துவிடும். ஆண்டுக்கணக்கு மட்டும் வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

என்னென்ன நிரல்கள்? மின்சார யூனிட், ஜென்செட்டுக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் ஊற்றிய டீசல், கேஸ் சிலிண்டர், ஃபர்னஸ் ஆயில் இருந்தால் அது, போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர், ஸ்க்ராப் எடை, பழைய எண்ணெயும் பெயின்ட் கசடும், வேலை செய்த மொத்த மணி, விபத்துகள், உற்பத்தி டன்.

ஒரு உதாரணம். வருடத்துக்கு 2,40,000 யூனிட், 6,000 லிட்டர் டீசல், 19 கிலோ சிலிண்டர் 120 என்று வைத்துக்கொள்வோம். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு. மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் வெளியிடும் சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். டீசலுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ, கேஸுக்குக் கிலோவுக்கு 3 கிலோ. மின்சாரம் 168 டன், இது ஸ்கோப் 2. டீசல் 16.2 டன், கேஸ் 6.8 டன், இரண்டும் ஸ்கோப் 1. மொத்தம் 191 டன். உற்பத்தி 600 டன் என்றால் ஒரு டன் சரக்குக்கு 0.32 டன். கஸ்டமருக்கு 100 டன் அனுப்பியிருந்தால் அவருடைய பங்கு 32 டன். அதே மின்சாரத்தை ஜூலில் கேட்டால் யூனிட்டை 3.6 ஆல் பெருக்கினால் மெகாஜூல், அதாவது 864 ஜிகாஜூல்.

காற்றாலை மின்சாரம் ஒப்பந்தத்தில் வாங்குபவர்கள் இரண்டு எண் வைத்திருங்கள். இடம் சார்ந்த கணக்கில் அந்த யூனிட்டுக்கும் மின்தொகுப்பின் சராசரியே போட வேண்டும். சந்தை சார்ந்த கணக்கில் ஒப்பந்த ஆவணம் இருந்தால் பூஜ்யம். ஐரோப்பியத் தரநிலை இரண்டையும் கேட்கிறது. கூரையில் சொந்தமாகப் போட்டு நீங்களே பயன்படுத்தும் சோலாருக்கு இரண்டிலும் பூஜ்யம்.

தண்ணீரை மூலவாரியாக எழுதுங்கள். டேங்கர் தண்ணீர் 'மூன்றாம் தரப்பு' என்ற வரியில் வரும், நிலத்தடி நீரில் அல்ல. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் தண்ணீரும் அப்படியே. ஆனால் அது மறுசுழற்சி நீர் என்று பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள், அதற்கு மதிப்பு உண்டு.

விபத்துக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 40 பேர், ஆளுக்கு 2,400 மணி என்றால் 96,000 மணி. வருடத்தில் வேலைநாள் இழந்த காயம் ஒன்று. பிஆர்எஸ்ஆரில் பத்து லட்சம் மணிக்கு எத்தனை என்று கேட்பார்கள், விடை 10.4. அமெரிக்க முறையில் இரண்டு லட்சம் மணிக்கு, விடை 2.1. ஒரே காயம்தான். எந்த அடிப்படை என்று எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் தவறான இடத்தில் போய் உட்காரும். கான்ட்ராக்ட் ஆட்களையும், வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்பவர்களையும் இந்த மணிக்கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர் கான்ட்ராக்டர் ஆள் என்பதால் அந்த வருடம் 'விபத்து இல்லை' ஆகிவிடாது. பிஆர்எஸ்ஆர் நிரந்தரமல்லாதவர்களையும் எண்ணிச் சொல்லக் கேட்கிறது.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காகிதம் இருக்க வேண்டும்: மின் பில், டீசல் ரசீது, அபாயக் கழிவு அனுப்பிய படிவம் 10, ஜூன் 30-க்குள் வாரியத்துக்குக் கொடுக்கும் படிவம் 4, இஎஸ்ஐ, பிஎஃப் சலான்கள். படிவம் 4-இல் எழுதிய கழிவும் கேள்வித்தாளில் எழுதிய கழிவும் பொருந்தவில்லை என்றால் சரிபார்க்க வருபவர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

படி 7: போல்ட், நட் அனுப்புபவர்களுக்குத் தனிக் கணக்கு

ஐரோப்பாவின் சிபிஏஎம் எல்லைக் கார்பன் வரியை அறிக்கை விதிகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இது 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு உண்டு. போல்ட், நட், ஸ்க்ரூ வரும் 7318 என்ற சுங்கக் குறியீட்டுத் தலைப்பும் அதில் இருக்கிறது. கட்டுவது இறக்குமதியாளர், ஆனால் எண் உங்களிடமிருந்து போக வேண்டும். வருடத்துக்கு மொத்தம் 50 டன்னுக்குள் இறக்குமதி செய்பவருக்கு விலக்கு உண்டு. அது அவருடைய மொத்த அளவு, உங்கள் ஒருவருடையது அல்ல.

எஃகுக்கு நேரடி உமிழ்வை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். படி 6-இல் பெரிதாகத் தெரிந்த மின்சாரம் இங்கே கிட்டத்தட்ட காணாமல் போகும். அதற்குப் பதில் நீங்கள் வாங்கிய கம்பியைச் செய்த ஆலையின் உமிழ்வு வந்து உட்காரும். ஊதுலை எஃகு என்றால் டன்னுக்கு இரண்டு டன்னுக்கும் மேல். அந்த எண் கிடைக்காவிட்டால் இயல்பு மதிப்பைப் போடுவார்கள், அது உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும். ஆகவே கம்பி வாங்கும்போதே மில் சர்டிஃபிகேட்டோடு உமிழ்வு விவரமும் வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள். டீலர் வழியாக வாங்குபவர்களுக்கு இது சிரமம். எந்த ஆலையின் ஹீட் நம்பர் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) என்பதையாவது விடாமல் பதிந்து வையுங்கள். பிரிட்டனும் 2027 ஜனவரி முதல் இதே போன்ற வரியைத் தொடங்குகிறது.

படி 8: பதில் எழுதும்போது

அளந்ததை அளந்தது என்றும் மதிப்பிட்டதை மதிப்பீடு என்றும் எழுதுங்கள். தண்ணீர் மீட்டர் இல்லை என்றால் டேங்கர் எண்ணிக்கையைக் கொள்ளளவால் பெருக்கிப் போட்டு, அப்படிச் செய்தோம் என்று ஒரு வரி சேருங்கள். வெற்றிடம் விடுவதையும் அடுத்தவரின் அறிக்கையிலிருந்து வாசகத்தை எடுத்து ஒட்டுவதையும் விட அது எவ்வளவோ மேல். "2050-க்குள் நெட் ஜீரோ" என்ற பெட்டியில் டிக் போடச் சொன்னால், திட்டம் இல்லாதபோது போடாதீர்கள். கையெழுத்து உங்களுடையது.

மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு

இந்த அறிக்கைகளைக் கம்பெனிகள் முதலீட்டாளருக்காக எழுதினாலும் எல்லோரும் படிக்கலாம். பிஆர்எஸ்ஆர், ஆண்டறிக்கையோடு பங்குச் சந்தைகளின் தளங்களில் கிடைக்கும். உங்கள் தெருவுக்கு எதிரே ஆலை வைத்திருக்கும் கம்பெனியின் அறிக்கையை எடுத்து, முதல் பகுதியின் புகார் அட்டவணையில் 'சமூகங்கள்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் என்று இருந்து, அந்த வருடம் நீங்கள் வாசலில் நின்று கத்தியிருந்தால், அந்தப் புகார் அவர்கள் கணக்கில் ஏறவில்லை. கலெக்டருக்கும் வாரியத்துக்கும் மனு கொடுப்பதோடு நிற்காமல், அதே மனுவைக் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மனுவில் தேதி, இடம், என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு என்று தெளிவாக எழுதி, "இதை பிஆர்எஸ்ஆர் புகார் அட்டவணையில் பதிவு செய்யக் கோருகிறோம்" என்று ஒரு வரி சேருங்கள். அடுத்த அறிக்கை வந்ததும் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அந்தச் சான்றின் நகலோடு செபிக்கும், அறிக்கையைச் சரிபார்த்த நிறுவனத்துக்கும் எழுதலாம்.

ஆலைவாரியான எண் வேண்டுமானால் வேறு இரண்டு ஆவணங்களைத் தேடுங்கள். ஒவ்வொரு ஆலையும் செப்டம்பர் 30-க்குள் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்கும் சுற்றுச்சூழல் அறிக்கை, படிவம் 5, ஒன்று. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டிய ஆறு மாத அறிக்கை இன்னொன்று. கம்பெனியின் தளத்தில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாரியத்திடம் கேளுங்கள். விண்ணப்பத்தில் ஆலையின் முழு முகவரியும் நிதியாண்டும் எழுதுங்கள். கம்பெனிப் பெயர் மட்டும் எழுதினால், எந்த ஆலை என்று திருப்பிக் கேட்டே ஒரு மாதம் போய்விடும்.